கம்பனிச் சட்டம் எழுதுபவர்கள் சிறு முயற்சியாளரிடம் எதைக் கேட்க வேண்டும்?

கிளிநொச்சி மாவட்டத்தின் பரந்தனில் அரிசி ஆலை நடத்தும் ஒருவர், தமது பகுதி வர்த்தகர் சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் ஒரு கேள்வி அனுப்பியிருக்கிறார். கம்பனிச் சட்டத்தில் மேலும் திருத்தங்கள் செய்ய உத்தேசம் இருப்பதாகவும், சிறு மற்றும் நடுத்தர முயற்சியாளர்களின் கருத்தைப் பத்து நாட்களுக்குள் அனுப்ப வேண்டும் என்றும் சங்கத்துக்கு ஒரு கடிதம் வந்திருக்கிறது. அதனோடு நாற்பது பக்க வரைவு ஒன்று ஆங்கிலத்தில் இணைக்கப்பட்டிருக்கிறது. "எங்களில் பாதிப் பேருக்குக் கம்பனியே இல்லை, இருப்பவர்களும் அதைக் கணக்காளரின் கையில் விட்டுவிட்டோம். இதில் நாங்கள் சொல்வதற்கு என்ன இருக்கிறது? சொன்னாலும் யார் கேட்பார்கள்? மற்ற நாடுகளில் இதை எப்படிச் செய்கிறார்கள்?" என்பது அவர் கேள்வி.

சொல்வதற்கு உங்களிடம் நிறையவே இருக்கிறது. ஆனால் அந்தக் கடிதம் கேட்கும் விதத்தில் கேட்டால் அது வெளியே வராது. நாற்பது பக்க வரைவைக் கொடுத்து அதன் வாசகங்களைப் பற்றி ஆலைக்காரரிடம் கருத்துக் கேட்பது, நோயாளியிடம் "என்ன செய்கிறது?" என்று விசாரிக்காமல், எழுதி முடித்த மருந்துச் சீட்டை நீட்டி "இதில் பிழை உண்டா?" என்று வைத்தியர் கேட்பதைப் போன்றது. நோயைச் சொல்லத் தெரிந்தவர் நீங்கள். மருந்தை எழுதப் படித்தவர்கள் அவர்கள். இந்த ஒழுங்கு தலைகீழாகிப் போவதால்தான், கருத்துக் கேட்டோம் என்று அரசும், எங்களை யாரும் கேட்கவில்லை என்று சிறு முயற்சியாளரும் ஒரே சட்டத்தைப் பற்றி ஒரே வேளையில் சொல்கிறார்கள். இருவர் சொல்வதும் உண்மையாகவே இருக்கிறது.

கம்பனிச் சட்டம் பெரிய நிறுவனங்களின் விவகாரம் என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிட வேண்டும். எந்த நாட்டின் கம்பனிப் பதிவேட்டைத் திறந்தாலும் அதில் ஆகப் பெரும்பாலானவை ஒருவரோ, கணவனும் மனைவியுமோ, இரண்டு சகோதரர்களோ நடத்தும் தனியார் கம்பனிகள்தான். பங்குச் சந்தையில் இருப்பவை அந்தக் கடலில் ஒரு கை நீர். சட்டத்தை எழுதுபவர்களைச் சுற்றி இருப்பவர்களோ அந்தக் கை நீரோடு பழகியவர்கள். இதனால் வரும் தீங்கு பெரும்பாலும் ஒரே வழியில் வருகிறது. கம்பனிச் சட்டத்தில் பல விதிகள், "அமைப்பு விதிகளில் வேறுவிதமாகச் சொல்லப்பட்டாலொழிய" என்ற நிபந்தனையோடு எழுதப்படுகின்றன. அமைப்பு விதிகள் என்பவை ஒரு கம்பனி தன்னை நடத்திக்கொள்வதற்கென்று வைத்திருக்கும் உள்விதிகள். பெரிய கம்பனியின் சட்டத்தரணி உட்கார்ந்து வேறுவிதமாக எழுதிக்கொள்வார். சிறு கம்பனி, சட்டத்தின் முதலாம் அட்டவணையில் உள்ள மாதிரி விதிகளை அப்படியே எடுத்துக்கொள்ளும்; பல வேளைகளில் அப்படி எடுத்துக்கொண்டது உரிமையாளருக்கே தெரியாது. ஆகவே மாதிரி விதிகளை மாற்றும் ஒவ்வொரு வரியும் பெரியவர்களைத் தொடாமல் போய்ச் சிறியவர்கள் மீது முழுதாக விழும். பிரித்தானியாவில் பல தலைமுறைகளாக மாதிரி விதிகளின் ஒரே தொகுப்பே பெரியதற்கும் சிறியதற்கும் பெரும்பாலும் பொதுவாக இருந்தது. தனியார் கம்பனிகளுக்கென்று எளிமையான தனித் தொகுப்பொன்று 2008ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகளோடுதான் வந்தது. நீங்கள் சொல்வதற்கு என்ன இருக்கிறது என்று கேட்டீர்கள். அந்த மாதிரி விதிகளில் உங்கள் கையை எங்கே கடித்தது என்பதைச் சொல்லுங்கள். அதுவே முதற் பதில்.

நம் இலங்கையில் இன்று நடைமுறையில் இருப்பது 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டம். 1982ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டத்தை நீக்கிவிட்டு, அது 2007 மே 3ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. நியூசிலாந்தின் 1993ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து பெரிதும் எடுத்துக்கொண்ட அந்தச் சட்டத்தைக் குறை மட்டும் சொல்வது நியாயமாகாது. தனியொருவரே கம்பனி அமைக்க வழி விட்டது அது. பழைய சட்டத்தில் இரண்டாவது பங்குதாரர் ஒருவர் வேண்டும் என்பதற்காகப் பெயருக்கு ஒரு மச்சானைச் சேர்த்து, பிற்பாடு அந்த மச்சானோடு மனத்தாங்கல் வந்த குடும்பங்களை நான் அறிவேன். பங்குகளுக்கு முகப்பெறுமதி, அதாவது முன்கூட்டியே குறித்த ஒரு நிலையான விலை, வேண்டும் என்ற பழைய கட்டாயத்தையும் அது விட்டது. இவை சிறியவர்களுக்கு உண்மையாகவே உதவிய மாற்றங்கள்.

ஆனால் அந்தச் சட்டம் உருவாகிய நாட்களை வன்னியிலிருந்து பாருங்கள். போர் மறுபடி மூண்டு, 2006 ஆகஸ்டில் வடக்கைத் தெற்கோடு இணைக்கும் ஏ-9 வீதி முகமாலையில் மூடப்பட்டது. வன்னியின் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் அப்போது அரசின் கட்டுப்பாட்டில் இருக்கவில்லை. சீமெந்தும் எரிபொருளும் வருவது நின்றுகொண்டிருந்த மாதங்களில் நாடாளுமன்றத்தில் அந்தச் சட்டமூலம் நகர்ந்துகொண்டிருந்தது. புதிய சட்டத்தின்படி, ஏற்கெனவே இருந்த கம்பனிகள் யாவும் புதிய இலக்கம் பெற்று மீள்பதிவு செய்ய வேண்டும். அது மாத்தறையில் ஒரு கடிதமும் ஒரு படிவமும். கிளிநொச்சியில் அது நடக்க முடியாத காரியம். அந்தக் காலத்தில் வன்னியாரைக் கேட்டிருக்க இயலாது என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். கேட்க முடியாத ஒரு பகுதி நாட்டில் இருக்கிறது என்பதை உணர்ந்து, அதற்கென்று ஒரு வரியைச் சட்டத்தில் விட்டுவைத்திருக்க முடியும்; என் மனக்குறை அதுதான்.

2010 முதல் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் சிறு கம்பனிகளின் படிவங்களையும் ஆண்டறிக்கைகளையும் எழுதிக் கொடுப்பது என் தொழிலாக இருந்து வருகிறது. 2013இல் விசுவமடுவிலிருந்து ஒரு பெண் வந்தார். பிளாஸ்டிக் உறையொன்றிலிருந்து, ஒரு மூலையைக் கறையான் அரித்த கூட்டிணைப்புச் சான்றிதழை எடுத்து மேசையில் வைத்தார். சமாதான காலத்தில், வீதி திறந்திருந்த 2003இல், அவருடைய கணவரும் அவரின் நண்பரும் சேர்ந்து உழவு இயந்திர உதிரிப்பாகக் கடைக்காகத் தொடங்கிய கம்பனி. இடம்பெயர்ந்து போகும்போது வளவில் கிடங்கு வெட்டி ஒரு தகரப் பெட்டியில் புதைத்து வைத்துவிட்டுப் போன பத்திரங்களில் மிஞ்சியது அது ஒன்றுதான். நண்பர் இப்போது கனடாவில். கணவர் 2009 மே மாதத்தில் வட்டுவாகலில் கடைசியாகக் காணப்பட்டவர். கடைக்காணி கம்பனியின் பெயரில் இருந்தது. அதை ஈடுவைத்துக் கடையை மறுபடி தொடங்கலாம் என்பது அவருடைய எண்ணம். அதற்குப் பணிப்பாளர் தீர்மானம் வேண்டும். கணவரின் பங்குகள் யாருடையவை என்பது தெரிய வேண்டும். அதற்கு மரணச் சான்றிதழ் வேண்டும். 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தற்காலிக ஏற்பாடுகள் சட்டத்தின்படி மரணத்தைப் பதிவு செய்துகொள்ளலாமே என்று அவருக்கு ஒவ்வோர் அலுவலகத்திலும் சொல்லியிருந்தார்கள். நானும் அதையே சொன்னேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்து, "அவர் செத்துப்போனார் எண்டு நான் கையெழுத்து வைக்க மாட்டன் ஐயா. கடை இல்லாட்டிப் பரவாயில்லை" என்றார். சான்றிதழை உறைக்குள் வைத்து, உறையை இரண்டாக மடித்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

காணாமற்போனவர்களுக்கான சான்றிதழை வழங்க வகைசெய்யும் திருத்தம் அந்த 2010ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு 2016இல் வந்தது. கணவன் இறந்தார் என்று சொல்லாமலே, அவர் இல்லை என்பதை அரசு எழுத்தில் ஏற்க அது வழி செய்தது. 2007ஆம் ஆண்டுச் சட்டத்தை எழுதியபோது அப்படியொரு பத்திரம் இருக்கவே இல்லை. பங்குதாரர் இருப்பார், அல்லது இறந்திருப்பார் என்ற இரண்டு நிலைகளை மட்டும் கருதி எழுதப்பட்ட ஏற்பாடுகளுக்கு நடுவே, வன்னியில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் மூன்றாவது நிலையில் வாழ்கின்றன. கம்பனிச் சட்டத்தைத் திருத்தும் எவரும் முல்லைத்தீவில் ஒரு முற்பகல் உட்கார்ந்து கேட்டிருந்தால், மேசைக்கு வரும் முதல் விடயம் இதுவாகத்தான் இருந்திருக்கும். கொழும்பில் நூறு கூட்டங்கள் வைத்தாலும் இது வராது. அங்குள்ளவர்கள் கல்நெஞ்சர்கள் என்பதற்காக நான் இதைச் சொல்லவில்லை. அந்த அனுபவம் அந்த அறைக்குள் இல்லை.

அடுத்தது மொழி. அரசியலமைப்பின்படி சட்டங்கள் சிங்களத்திலும் தமிழிலும் ஆக்கப்பட வேண்டும்; ஆங்கில மொழிபெயர்ப்பும் இருக்கும். 13ஆம் திருத்தத்தின் பின் தமிழும் அரசகரும மொழி. ஆனால் நடைமுறையில் வரைவு ஆங்கிலத்தில் பிறந்து வளர்கிறது. தமிழ் வாசகம் வர்த்தமானிக்கு வரும்போதுதான் கண்ணில் படுகிறது. கருத்துச் சொல்லும் காலமோ அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. இன்னொன்றையும் நீங்கள் அறிந்திருக்க வேண்டும். சட்டங்களின் கடைசியில், சிங்கள வாசகத்துக்கும் தமிழ் வாசகத்துக்கும் இடையே முரண்பாடு ஏற்பட்டால் சிங்கள வாசகமே மேலோங்கி நிற்கும் என்று ஒரு பிரிவு வழக்கமாக இருக்கும். கம்பனிகள் சட்டத்திலும் அது உண்டு. தமிழில் வாசித்துப் புரிந்துகொண்டவர் ஒன்றைப் புரிந்துகொள்ள, நீதிமன்றம் வேறொன்றைப் பார்க்கும் நிலை இதனால் வரலாம். எனவே மூன்று மொழிகளிலும் ஒரே நாளில் வரைவு கிடைக்காத வரைக்கும் அதைக் கலந்தாலோசனை என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. முழு வரைவையும் மொழிபெயர்க்க நேரமில்லை என்றால், எதை மாற்றுகிறோம், ஏன் மாற்றுகிறோம், யாருக்கு என்ன செலவு வரும் என்ற மூன்றையும் நான்கு பக்கத்தில் நல்ல தமிழில் எழுதித் தரலாம். அது நாற்பது பக்க ஆங்கிலத்தைவிடப் பத்து மடங்கு பயன் தரும்.

இலங்கையில் சட்டம் ஆவதற்கு முன் கேட்பது மற்ற நாடுகளைவிட முக்கியமானது. அதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. இந்தியாவில் ஒரு சட்டம் நிறைவேறிப் பத்து வருடம் ஆன பின்னும் அது அரசியலமைப்புக்கு முரணானது என்று நீதிமன்றம் போகலாம். இங்கே அரசியலமைப்பின் 80(3)ஆம் உறுப்புரை அந்தக் கதவைச் சாத்துகிறது. சபாநாயகரின் சான்று வைக்கப்பட்ட பின் சட்டத்தின் வலிதுடைமையை எந்த நீதிமன்றத்திலும் கேள்வி கேட்க முடியாது. உயர் நீதிமன்றத்துக்குப் போவதென்றால், சட்டமூலம் நாடாளுமன்ற ஒழுங்குப் பத்திரத்தில் சேர்க்கப்பட்டதிலிருந்து விரல்விட்டு எண்ணக்கூடிய நாட்களுக்குள் போக வேண்டும். கிளிநொச்சியிலிருந்து கொழும்பு முந்நூறு கிலோமீற்றருக்கு மேல். சிறு முயற்சியாளருக்கு நீதிமன்றம் ஒரு வழியல்ல. அவருடைய ஒரே சந்தர்ப்பம் வரைவுக் காலம்தான்.

மற்ற நாடுகளில் எப்படி என்று கேட்டிருந்தீர்கள். பிரித்தானியா 1998 மார்ச்சில் கம்பனிச் சட்டத்தை முழுமையாக மீளாய்வு செய்யத் தொடங்கியது. அரசாங்கம் தானே எழுதாமல் சுயாதீனமான ஒரு வழிநடத்தற் குழுவை வைத்தது. அந்தக் குழு ஆலோசனைப் பத்திரங்களை ஒன்றன்பின் ஒன்றாக வெளியிட்டு, வந்த பதில்களைப் படித்து, 2001இல் இறுதி அறிக்கை கொடுத்தது. சிறு கம்பனியை முதலில் எண்ணிப் பார்த்துச் சட்டத்தை எழுது, பெரியதற்கு வேண்டியதை அதன் மேல் சேர் என்பது அந்த மீளாய்வு முன்வைத்த கொள்கை. அதன் பயனாக 2006ஆம் ஆண்டுச் சட்டத்தில் தனியார் கம்பனிகளுக்கு ஆண்டுப் பொதுக்கூட்டமும் செயலாளரும் கட்டாயமில்லை என்று ஆயிற்று. இரண்டு சகோதரர்கள் இரவுச் சாப்பாட்டின்போது எடுக்கும் முடிவுக்கு, கூட்டம் நடந்ததாகப் பொய்யாக ஒரு குறிப்பு எழுத வேண்டிய தேவை அங்கே போய்விட்டது. ஆனால் அதே சட்டம் 1300 பிரிவுகளுடன் வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். எண்ணத்தில் சிறியதை முன்வைத்தவர்கள் கைப்பிரதியில் அதைக் கடைப்பிடிக்க முடியவில்லை.

இந்தியாவின் அனுபவம் எதிர்த்திசையில் நடந்தது. அங்கே 2013ஆம் ஆண்டுச் சட்டம் பெரிய மோசடிகளின் நினைவோடு எழுதப்பட்டது. அதன் கட்டுப்பாடுகள் பல தனியார் கம்பனிகளின் மீதும் ஒரே அளவில் விழுந்தன. கூக்குரல் எழுந்த பின், 2015 ஜூனில் ஓர் அறிவித்தல் மூலம் தனியார் கம்பனிகளுக்குப் பல பிரிவுகளிலிருந்து விலக்குக் கொடுத்தார்கள். முன்னரே கேட்டிருந்தால் விலக்குக்கே தேவை வந்திராது. சட்டமூலங்களை நாடாளுமன்றத்துக்குக் கொண்டுவருமுன் குறைந்தது 30 நாட்கள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்ற கொள்கையை இந்திய மத்திய அரசு 2014இல் எடுத்தது. அது சட்டமல்ல, கொள்கைதான். என்றாலும் உங்கள் பத்து நாட்களோடு ஒப்பிட்டுக் கடிதத்தில் சுட்டிக்காட்டலாம்.

அமெரிக்காவில் கம்பனிச் சட்டம் மாநிலங்களுடையது. ஆனால் மத்திய அரசின் ஒழுங்குவிதிகளுக்கு அங்கே ஒரு முறை இருக்கிறது. எனக்கு ஆகவும் பிடித்தது அதுதான். 1980ஆம் ஆண்டுச் சட்டமொன்றின்படி, விதி எழுதும் அரச நிறுவனங்கள் அதன் பாரம் சிறியவர்கள் மீது எப்படி விழும் என்று கணக்குப் பார்க்க வேண்டும். 1996இல் வந்த திருத்தம் இன்னொரு படி போனது. குறிப்பிட்ட சில நிறுவனங்கள், விதியை வெளியிடுவதற்கு முன்னரே, அதனால் பாதிக்கப்படக்கூடிய சிறு முயற்சிகளின் பிரதிநிதிகளை அழைத்து ஒரு குழுவின் முன் பேசவைத்து, அவர்கள் சொன்னதை அறிக்கையாக எழுத வேண்டும். வரைவு இறுகிப்போன பின் கேட்பதற்கும் களிமண் ஈரமாக இருக்கும்போதே கேட்பதற்கும் உள்ள வித்தியாசம் அங்கே சட்டமாகவே எழுதப்பட்டிருக்கிறது.

இங்கே கம்பனிச் சட்ட ஆலோசனை ஆணைக்குழு என்று ஒன்று இருக்கிறது. நாடாளுமன்றத்தில் துறைசார் மேற்பார்வைக் குழுக்களும் இருக்கின்றன. கதவுகள் இல்லாமல் இல்லை. அவற்றைத் தட்டுபவர்கள் கொழும்பின் பெரிய வர்த்தக சம்மேளனங்களும் தொழில்முறைக் கணக்காளர்களும்தான் என்பதே குறை.

இதுவரை சிறு முயற்சியாளரின் பக்கத்தில் நின்றே எழுதிவிட்டேன். ஆனால் உங்கள் சங்கத்துக் கடிதத்தில் நான் மிகவும் எதிர்பார்க்கும் பகுதி வேறு. சிறு கம்பனிக்காரர்களைக் கேட்டால், கணக்காய்வு வேண்டாம், அறிக்கை வேண்டாம், செலவைக் குறையுங்கள் என்றே பெரும்பாலும் சொல்வார்கள். அதில் நியாயம் உண்டு. ஆனால் வன்னியில் சிறியவர் ஒருவரே இரண்டு இடங்களில் நிற்கிறார். உங்கள் ஆலைக்கு இரணைமடுவின் கீழ் வயல் செய்பவர் நெல்லைக் கொண்டுவந்து இறக்குகிறார். காசு பாதி இன்று, பாதி பிறகு. அவர் கையில் இருப்பது கொப்பித்தாளில் எழுதிய ஒரு துண்டு. உங்கள் ஆலை தனியார் வரையறுத்த கம்பனி. நாளை அது முடங்கினால், ஆலையையும் இயந்திரங்களையும் ஈடுவைத்திருக்கும் வங்கி முதலில் எடுத்துக்கொள்ளும். தொழிலாளர் கொடுப்பனவுகளும் வரியும் முன்னுரிமை பெறும். நெல் கொடுத்தவர் கடைசி வரிசையில் நிற்பார், பல வேளைகளில் வெறுங்கையோடு. அவரும் சிறு முயற்சியாளர்தான். கம்பனியின் கடன் உங்கள் சொந்தச் சொத்தைத் தொடாது என்பதுதான் வரையறுத்த பொறுப்பு; அந்தக் குடை உங்களுக்கு நிழல் தரும்போது அதன் விளிம்பிலிருந்து சொட்டும் நீர் அவர் தலையில் விழுகிறது. ஆகவே கம்பனி நடத்துபவராக உங்களுக்கு என்ன வேண்டும் என்பதோடு, கம்பனிகளுக்குக் கடன் கொடுத்துக் காத்திருப்பவராக உங்களுக்கு என்ன வேண்டும் என்றும் கேட்க வேண்டும். இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்ட எந்தக் கலந்தாலோசனையிலும் நான் இருந்ததில்லை. உங்கள் சங்கக் கூட்டத்துக்கு இரண்டு கமக்காரரையும் ஒரு கடற்றொழிலாளர் சங்கப் பிரதிநிதியையும் கூப்பிடுங்கள் என்று வேண்டிக்கொள்கிறேன். அவர்கள் சொல்வது உங்களுக்கு அசௌகரியமாக இருந்தாலும் கடிதத்தில் அது இருக்க வேண்டும்.

எங்களில் பாதிப் பேருக்குக் கம்பனியே இல்லை என்றீர்கள். அவர்களின் பதில்தான் அரியது, ஏனென்றால் சட்டம் ஏன் அவர்களை உள்ளே இழுக்கவில்லை என்பதை அவர்களே சொல்ல முடியும். பிரதேச செயலகத்தில் வணிகப் பெயரைப் பதிந்துகொண்டு வாழ்நாள் முழுவதும் கடை நடத்துபவருக்குக் கம்பனி எதைக் கூடுதலாகத் தரும்? வரையறுத்த பொறுப்பு என்பார்கள். ஆனால் வங்கி கடன் கொடுக்கும்போது பணிப்பாளரின் தனிப்பட்ட பிணையையும் வீட்டுக் காணியின் உறுதியையும் கேட்கிறது. அந்தக் கையெழுத்தோடு அந்தப் பொறுப்பு மறுபடி எல்லையற்றதாகிவிடுகிறது.

கம்பனி வேண்டாத இடத்தில் கம்பனி வந்ததையும் பார்த்திருக்கிறேன். புதுக்குடியிருப்புப் பக்கத்தில் ஒன்பது பெண்கள் சேர்ந்து ஒடியல் மாவும் மிளகாய்த் தூளும் செய்தார்கள். ஒரு வாழ்வாதாரத் திட்டம் வந்து அவர்களைத் தனியார் கம்பனியாகப் பதிந்துவிட்டது. திட்டம் முடிந்ததும் உத்தியோகத்தர் மாறிப் போனார். இரண்டு வருடங்களுக்குப் பின், ஆண்டறிக்கை கொடுக்கவில்லை என்று ஆங்கிலத்தில் வந்த கடிதங்களை, அரிசி வாளிக்கு அடியில் பத்திரமாக வைத்திருந்து என்னிடம் எடுத்துக் காட்டினார்கள். "கம்பனி எண்டா என்னெண்டு ஒருத்தரும் எங்களைக் கேக்கேல்லை. கையெழுத்து வைக்கச் சொன்னவை, வைச்சம்" என்றார் அவர்களில் மூத்தவர். கூட்டுறவுச் சங்கமோ வெறும் வணிகப் பெயரோ அவர்களுக்குப் போதுமாயிருந்திருக்கும். ஒரு கம்பனியைத் தொடங்குவது 2018இல் இணையவழிப் பதிவு வந்த பின் பெரிதும் இலகுவாகிவிட்டது. அதை மூடுவது அந்த அளவுக்கு இலகுவாகவில்லை. சிறியவர்களைக் கேட்டால் உள்ளே வரும் வாசலைப் பற்றியல்ல, வெளியே போகும் வாசலைப் பற்றித்தான் பேசுவார்கள்.

வரம்புகளைப் பற்றியும் ஒரு சொல். சிறிய கம்பனி எது என்பதைச் சட்டமும் ஒழுங்குவிதியும் ரூபாயில் எழுதும்போது, அந்த எண் எழுதிய மறுநாளே தேயத் தொடங்குகிறது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதத்தைத் தொட்டது. ஒரு மூடை நெல்லும் கூட விற்காமலே, விலை ஏறியதால் மட்டும் ஒருவர் சிறியவர் என்ற வரம்பைத் தாண்டிவிடலாம். வரம்புகள் ஒவ்வொரு சில வருடங்களுக்கும் தாமாகவே சரிசெய்யப்பட வேண்டும் என்று கேளுங்கள்.

2025இல் நிறைவேறிய கம்பனிகள் திருத்தச் சட்டம், கம்பனியின் பின்னால் இருக்கும் உண்மையான பயனுரித்தாளர், அதாவது கடைசியில் அதன் பயனை அனுபவிக்கும் உரிமையாளர், யார் என்ற விபரத்தைக் கம்பனிகள் பேணிப் பதிவாளருக்கு அறிவிக்க வேண்டும் என்கிறது. கறுப்புப் பணத்தைத் தடுக்கும் நோக்கம் நல்லது. அதை எதிர்க்க நான் சொல்லமாட்டேன். ஆனால் வன்னியில் 2009க்குப் பின் எழுந்த பல சிறு கம்பனிகள் ரொறன்ரோவிலும் பாரிசிலும் இருக்கும் அண்ணன்மாரின் காசில் எழுந்தவை. பங்கு தம்பியின் பெயரில், காசு அண்ணனுடையது, எழுத்தில் எதுவும் இல்லை. அது கடனா, முதலா, அன்பளிப்பா என்று குடும்பத்திலேயே யாரும் பேசிக்கொண்டதில்லை. இங்கே உண்மையான உரிமையாளர் யார் என்பதற்குப் படிவத்தில் ஒரு கூடு போதாது. எளிய தமிழில் விளக்கக் குறிப்பும், தவறாக நிரப்பியவருக்குத் தண்டத்துக்கு முன் ஒரு திருத்த அவகாசமும் வேண்டும்.

சொன்னால் யார் கேட்பார்கள் என்ற உங்கள் சலிப்புக்கு ஒரு பதில் உண்டு. 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம், நீதிமன்றம் போகாமலே ஈட்டுச் சொத்தை ஏலத்தில் விற்க வங்கிகளுக்கு அதிகாரம் கொடுத்தது. நாம் பராட்டே என்று சொல்வது அதைத்தான். பொருளாதார நெருக்கடியின் பின் சிறு முயற்சியாளர்கள் நாடு முழுவதும் குரல் கொடுத்ததால் 2024இல் அந்த அதிகாரம் தற்காலிகமாக நிறுத்தப்பட்டது. கேட்டார்கள், ஆனால் ஏல அறிவித்தல்கள் பத்திரிகையில் வந்த பிறகு கேட்டார்கள். அதே குரல் வரைவுக் காலத்தில் எழும்போது செலவு குறைவு.

பத்து நாட்களில் என்ன செய்யலாம் என்பதற்கு வருகிறேன். முதல் நாளே, கால அவகாசத்தை நீடிக்கும்படியும் தமிழ் வரைவை அனுப்பும்படியும் கேட்டு ஒரு சிறு கடிதத்தை அனுப்புங்கள். பதில் வராவிட்டாலும் கேட்ட திகதி பதிவில் இருக்கும். முழு வரைவுக்கும் பதில் எழுத முயல வேண்டாம். மாதிரி விதிகள், ஆண்டறிக்கை, கம்பனியை மூடுதல், கடன் கொடுத்தவர்களின் வரிசை, காணாமற்போன பங்குதாரர் என்ற ஐந்தில் எவை வரைவில் தொடப்படுகின்றன என்பதை மட்டும் ஒரு சட்டத்தரணியைக் கொண்டு பார்த்துக்கொள்ளுங்கள். தொடப்படாதவை எவை என்பதையும் எழுதச் சொல்லுங்கள், விடுபட்டதைச் சுட்டுவதும் கருத்துத்தான். சிங்களம் நன்றாக வாசிக்கும் ஒருவர் உங்கள் சங்கத்தில் இருந்தால், சிங்கள வாசகம் வரும் நாளில் அந்த ஐந்து இடங்களையும் அவரிடம் கொடுங்கள். கரைச்சி, கண்டாவளை, பூநகரி, பச்சிலைப்பள்ளி என்று மாவட்டத்தின் நான்கு பிரதேச செயலகங்களிலும் சிறுதொழில் முயற்சிகளைப் பார்க்கும் உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். சங்கத்தில் சேராத பெண்களின் குழுக்களை அவர்கள் அறிவார்கள். ஒரு பிற்பகல் அவர்களைக் கூட்டிவைக்கக் கேளுங்கள்.

கடிதத்தைத் தமிழில் எழுதுங்கள். அரச அலுவலகத்தோடு தமிழில் தொடர்புகொள்ளும் உரிமை அரசியலமைப்பில் இருக்கிறது. "சட்டம் கடினமாக உள்ளது" என்று எழுதினால் அதை யாரும் ஒரு வாசகமாக மாற்ற முடியாது. இன்ன படிவம், இத்தனை தடவை திரும்பி வந்தது, இத்தனை நாள் ஆலை நின்றது, கணக்காளருக்கும் பஸ்ஸுக்கும் இத்தனை ரூபாய் போனது என்று எழுதுங்கள். திரும்பி வந்த படிவத்தின் பிரதியை இணையுங்கள். ஒரு பிரதியை அமைச்சுக்கும், ஒன்றைத் துறைசார் மேற்பார்வைக் குழுவுக்கும், ஒன்றை மாவட்டத்தின் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டுகளைக் கோவையில் வையுங்கள். எங்கள் கருத்துகளில் எதை ஏற்றீர்கள், எதை விட்டீர்கள், ஏன் என்று எழுத்தில் அறியத் தாருங்கள் என்பது கடைசி வரியாக இருக்கட்டும். மூன்று மாதத்தில் பதில் வராவிட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அதே கேள்வியை மறுபடி அனுப்பலாம். அந்த விண்ணப்பத்தை எழுதித் தர நான் கிளிநொச்சியில் இருக்கிறேன்.